ஓட்டமும் நடையும்

மக்கள் பெறத்தக்க செல்வங்களுள் உடல்நலமே தலையாயது என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும் அச்செல்வத்தைப் பேணும் வகையை ஆராய்வார் சிலர். ஆராய்ந்தவாறு ஒழுகுவார் அவரினுஞ் சிலர். உடற்பயிற்சிகள் பலவற்றுள்ளும் ஓட்டம் ஒன்றனை மட்டும் ஈண்டு எடுத்துக்கொண்டு, இதுகாறும் ஓடியறியாத ஒருவர் உடல்நலங் கருதியும், மிகுந்த எடை குறைதல் கருதியும் அதனைத் தொடங்கவேண்டிய முறை யாதென்பதை எம் அறிவிற்கு எட்டிய அளவில் ஆராயப் புகுகின்றோம்.

"ஓடுதற்கும் ஓர் ஆராய்ச்சி வேண்டுமோ? கால்கள் இரண்டிருப்பின் அமையாதோ?" என நகைப்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: ஓடத் தொடங்குவார் பலர், ஓடிக்கொண்டிருப்பார் சிலர். ஆண்டுப் பிறப்பன்று புதிய மிதியடி வாங்கி ஓடத் தொடங்கிய நண்பர், பொங்கல் கழியுமுன்னரே அம்மிதியடியைக் கட்டிலின்கீழ்த் தள்ளிவிடுவதை விடுதிகளில் ஆண்டுதோறுங் காண்கின்றோம். அவரை நிறுத்தியது சோம்பல் என்று கூறிவிடுதல் எளிது. உண்மையில் அவரை நிறுத்துவன மூன்று: மூச்சிரைப்பு, கால்நோவு, நாணம் என்பன. முன்னிரண்டும் விரைவினின்றே பிறக்கின்றன. மூன்றாவதும் பெரும்பாலும் அதனாலேயே வளர்கின்றது. 'ஓட்டமும் நடையுமாய்' என்பது நம் வீட்டு முதியோர் நாவில் நாடோறும் வழங்கும் தொடர். அத்தொடரே தொடக்கக்காரர்க்குரிய முறையாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. ஓட்டம் யாருக்கு உரியது?

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டாரத்தில் விடியுமுன் எழுந்து சாலைப்பக்கம் செல்வார், ஓடிவரும் இளைஞர் சிலரை எதிர்ப்படுதல் கூடும். அவருட் பெரும்பாலார் காவற்றுறைக்கோ படைக்கோ ஆளெடுக்கும் தேர்வை எதிர்நோக்கி ஓடுபவர். இம்மாவட்டம் படைவீரரை மிகுதியும் ஈன்ற மாவட்டம். கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டை என்னும் ஊர், வீட்டுக்கொரு வீரரை நாட்டிற்கு அளித்த ஊரென்று புகழ்பெற்றது. படையிற் சேர விழையும் இளைஞர் 1,600 மீட்டர் தொலைவைக் குறித்த நிமிடங்களுள் ஓடிக் கடத்தல் வேண்டும். ஆதலின், நம் பக்கத்தில் ஓட்டம் என்பது ஒரு தேர்வு. தேர்வு முடிந்ததும் ஓட்டமும் முடிந்துவிடுகின்றது. வேலை பெற்றவரும் ஓடுவதில்லை, பெறாதவரும் ஓடுவதில்லை.

இதனால் விளைந்த தீங்கு யாதெனின், தேர்வு எழுதாதார்க்கு ஓட்டம் உரியதன்று என்னும் எண்ணம் ஊரில் வேரூன்றியதேயாம். நாற்பது வயதுடைய ஆசிரியர் ஒருவர் சாலையில் ஓடினால், "யாரைத் துரத்துகிறார்?" என்று கேட்பர். பருத்த உடலுடைய ஒருவர் ஓடினால் சிறுவர் பின்தொடர்ந்து நகைப்பர். பெண்ணொருத்தி ஓடினாலோ, நகைப்போடு நில்லாது ஏச்சும் எழும். ஓட்டம் யாவர்க்கு மிகவும் வேண்டுமோ அவரே அதனினின்று விலக்கப்படுகின்றனர்.

அவர்க்கு அது வேண்டுவது ஏன்? அணைக்கட்டை அடுத்த சவ்வாது மலையிலே பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை முதலிய மலையூர்களில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மக்கள், விளைபொருளைச் சுமந்து ஏறியிறங்கியே காலங்கழித்தனர். அவர்க்கு உடற்பயிற்சி என்று வேறொன்று வேண்டியதில்லை. சமவெளியிலோ தொழிலின் இயல்பு மாறிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்கள் தோல் பதனிடுதற்கும் மிதியடி செய்தற்கும் உலகறிந்தவை. சிற்றூர்களினின்று தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச்செல்லும் மகளிர் பலர், பகல் முழுதும் தையற்பொறியின்முன் அமர்ந்து மேற்றோலைத் தைக்கின்றனர். அயல்நாட்டார் நடந்து திரிதற்கு வேண்டும் மிதியடியைச் சமைப்பவர் தாம் நடப்பதற்குப் பொழுதின்றி இருக்கின்றனர். மாணவராகிய நம் நிலையும் அதனின் வேறன்று. நாம் வகுப்பில் அமர்கின்றோம், பேருந்தில் அமர்கின்றோம், இரவில் கைப்பேசியின்முன் அமர்கின்றோம்.

அமர்ந்திருத்தலின் பயனை எண்களே கூறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நிகழ்ந்து 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10.1 கோடியர். அன்றியும், ஒத்த உயரமும் எடையுமுடைய ஐரோப்பியரினும் இந்தியர் உடலில் கொழுப்பு மிகுதியாகவும் தசை குறைவாகவும் இருத்தல் பலகால் அளந்தறியப்பட்டுள்ளது. மெலிந்து தோன்றுவார் வயிற்றினுள்ளும் கொழுப்புத் திரண்டிருத்தல் உண்டு. ஆகவேதான், கிலோகிராமில் அளந்த எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துவரும் ஈவு, ஐரோப்பியர்க்கு 25-ஐத் தாண்டின் மிகையெடை எனப்பட, இந்தியர்க்கு 23-இலேயே எச்சரிக்கை தொடங்குகின்றது. இடுப்புச்சுற்று ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் கடத்தலாகாது என்பர் மருத்துவர்.

2. பரிசில்லா ஓட்டத்தின் வரலாறு

நம் மாகாணத்தில் உடற்பயிற்சியைக் கல்வியின் ஒரு கூறாக்க முயன்றோருள் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் நினைக்கத்தக்கவர். அவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அத்தகையோர் முயற்சியால் பள்ளிகளில் விளையாட்டிடங்களும் விளையாட்டு விழாக்களும் பெருகின. எனினும், விழா நாளில் எட்டுப்பேர் ஓட எண்ணூறு பேர் கண்டிருப்பதே வழக்கமாயிற்று. பவுல் அப்போஸ்தலரும் தம் திருமுகங்களில் பந்தய ஓட்டத்தை உவமையாக ஆண்டனர். அது பரிசு நோக்கி ஓடுவாரது ஓட்டம். நாம் ஆராயும் ஓட்டமோ பரிசில்லாதது. முந்துவாரும் பிந்துவாரும் இல்லாதது. அது உலகிற் பரவிய வரலாறு நெடியதன்று.

1953-இல் ஜெரிமி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர், இலண்டன் நகரத்து ஈரடுக்குப் பேருந்துத் தொழிலாளரை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். நாள்முழுதும் அமர்ந்து வண்டி ஓட்டுவாரினும், படியேறி இறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநர்க்கு இருதய நோய் குறைவாக வந்தது. இருவரும் ஒரே வண்டியிற் செல்பவர். வேறுபாடு பெரும்பாலும் கால்களின் உழைப்பிலேதான். உடலுழைப்பிற்கும் இருதயத்திற்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டிய முதல் ஆராய்ச்சிகளுள் இஃது ஒன்று.

அடுத்து, நியூசிலாந்து நாட்டில் ஆர்தர் லிடியார்டு என்னும் ஓட்டப் பயிற்சியாசிரியர், பந்தய வீரரல்லாத நடுவயதினரையும் முதியோரையும் கூட்டி மெல்ல ஓடச் செய்தார். 1962-இல் ஆக்லாந்து நகரில் அவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. ஆண்டுச் சென்ற அமெரிக்கப் பயிற்சியாசிரியர் பில் பவர்மன் அவர்களோடு ஓடி, தம்மினும் மிக மூத்த ஒருவருக்குப் பின்னே மூச்சிரைக்கச் சென்றார். வீரரைப் பயிற்றும் தாமே உடற்றகுதி இழந்து நிற்பதை அன்று உணர்ந்த அவர், ஓரிகன் மாநிலத்துத் தம் ஊருக்கு மீண்டு பொதுமக்களுக்கு மெல்லோட்டம் பயிற்றினார். 1967-இல் ஓர் இருதய மருத்துவருடன் கூடி அதனைப் பற்றி நூலும் வெளியிட்டார். 1968-இல் கென்னத் கூப்பர் என்னும் மருத்துவர் எழுதிய 'ஏரோபிக்ஸ்' என்னும் நூல், மூச்சையும் இருதயத்தையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை உலகெங்கும் பரப்பியது.

இங்ஙனம் தொடங்கியது நம்மவரையும் எட்டியது. பஞ்சாபில் 1911-இற் பிறந்த பௌஜா சிங், இங்கிலாந்தில் வாழ்ந்த முதுமையில் ஓட்டத்தை மேற்கொண்டு, 2000-இல் தம் 89-ஆம் வயதில் இலண்டன் மாரத்தான் ஓட்டத்தின் 42 கிலோமீட்டரையும் கடந்தார், 2011-இல் நூறு வயதில் கனடாவின் டொராண்டோவில் மற்றொன்றையும் முடித்தார், 2025-இல் மறைந்தார். தமிழ்நாட்டில், சென்னை மேயராயிருந்து 2021-இல் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் முழங்கால் காயமுற்றவராயிருந்தும், ஐம்பது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி, 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்கள் பலவற்றை முடித்தவர். இவர்கள் செய்தவை எல்லார்க்கும் வேண்டியவை அல்ல. தொடங்குவதற்கு வயது தடையன்று என்பதே இவற்றால் நாம் கொள்ளத்தக்கது.

3. மூச்சும் வெண்பாவும்

நடையும் ஓட்டமும் வேறாவது எங்ஙனம்? நடக்குங்கால் ஓரடியேனும் எப்பொழுதும் நிலத்தில் ஊன்றியிருக்கும். ஓடுங்கால் ஒவ்வோர் அடிக்கும் இடையே ஒரு நொடிப்பகுதி இருகால்களும் நிலம் நீங்கும். வேறுபாடு இவ்வளவே, விரைவு அதன் இலக்கணமன்று. நடைக்கும் விரைந்த ஓட்டத்திற்கும் இடைப்பட்டதைத் தொங்கோட்டம் என்று நம்மவர் வழங்குவர். மெல்லோட்டம் எனினும் அமையும். விரைந்து நடப்பாரால் முந்தப்படும் அளவிற்கு மெல்ல ஓடினும் அதுவும் ஓட்டமே.

தொடக்கக்காரர் பலர், பள்ளிநாளில் நூறு மீட்டர் ஓடிய நினைவோடு புறப்படுகின்றனர். அவ்விரைவில் தசைகள் வேண்டும் பிராணவாயுவை இருதயமும் நுரையீரலும் உடனுக்குடன் அளிக்க இயலாது. இரண்டு நிமிடத்தில் மூச்சிரைக்கின்றது, விலா குத்துகின்றது, "இஃது எனக்காகாது" என்று அவர் முடிவு செய்கின்றார். அம்முடிவு அவரது உடலைப் பற்றியதன்று. அவரது வேகத்தைப் பற்றியதேயாம்.

தக்க வேகத்தை அறிய விலையுயர்ந்த கடிகாரம் வேண்டா, நாவே போதும். ஓடும்பொழுது உடன்வருவாரோடு முழுத்தொடராகப் பேச இயலுமாயின் வேகம் சரி. ஓரிரு சொல்லே வெளிவருமாயின் மிகை. தமிழ் மாணவர்க்கு இதனினும் எளிய சோதனையொன்று உண்டு: ஓடிக்கொண்டே ஒரு வெண்பாவை அடிதோறும் மட்டும் மூச்செடுத்துச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். சீர்தோறும் மூச்செடுக்க நேரின் நடக்கத் தொடங்குதல் நன்று.

மெல்ல ஓடினால் பயனுண்டோ எனின், உண்டு. அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து 55,137 பேரைச் சராசரி 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓடாதாரினும் ஓடுவார்க்கு எக்காரணத்தாலும் வரும் இறப்பு 30 விழுக்காடும், இருதய நோய்களால் வரும் இறப்பு 45 விழுக்காடும் குறைந்து காணப்பட்டன. நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடம் மெல்ல ஓடினாரிடத்தும் அந்நலம் தோன்றிற்று. ஓடுவார் உணவு முதலிய பிறவற்றிலும் ஒழுங்குடையராதல் கூடுமாதலின், பயன் முழுவதும் ஓட்டத்தாலேயே விளைந்ததென்று அறுதியிடலாகாது. எனினும், சிறு முயற்சியும் வீணாகாது என்பதை அது நன்கு காட்டுகின்றது.

4. கால் கற்பிக்கும் பாடம்

மூச்சு விரைவில் பழகிவிடும். சில வாரங்களிலேயே இருதயமும் தசைகளும் வலுப்பெற்று, முன்பு இரைத்த வேகம் எளிதாகும். ஆனால் எலும்பும் தசைநாண்களும் அங்ஙனம் விரைந்து பழகுவனவல்ல. அவற்றிற்கு மாதங்கள் வேண்டும். மூன்றாம் நான்காம் வாரத்தில் மூச்சு இடங்கொடுக்கின்றதே என்று தொலைவை இரட்டிப்பார், முழந்தாளிலும் கணைக்காலெலும்பிலும் நோவு பெற்று நிற்பது இதனாலேயாம். ஓடுங்கால் ஒவ்வோர் அடியும் உடலெடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையோடு நிலத்தில் விழுகின்றது. ஒரு கிலோமீட்டருக்குள் அத்தகைய அடிகள் ஆயிரத்துக்கு மேற்படும். பருத்தவர்க்கு இச்சுமை பின்னும் மிகும்.

இவ்வுண்மையை விளக்குதற்கு நம் வேலூரிலேயே நிகழ்ந்த அரியதோர் ஆராய்ச்சி உண்டு. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோர்க்கு 1914-இற் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளர் பாதங்களில் ஆறாப்புண் தோன்றுவதேன் என்று அவர் ஆராய்ந்தார். அந்நோயால் தசை தானே அழுகுகின்றது என்பதே அக்காலத்தார் கருத்து. பிராண்டு கண்டதோ வேறு: நரம்பு உணர்விழத்தலின் நோவு தோன்றுவதில்லை, நோவின்மையால் அவர் புண்பட்ட இடத்தையே மீண்டும் மீண்டும் மிதிக்கின்றனர். உணர்வுள்ள கால், நெடுந்தொலை நடக்கையில், ஓரிடம் நோவத் தொடங்கியவுடன் தன்னையறியாமலே ஊன்றும் முறையைச் சிறிது மாற்றிக்கொள்ளும். உணர்விழந்த காலோ முதலடியை ஊன்றியவாறே ஆயிரமாவது அடியையும் ஊன்றும். ஒருமுறை விழும் பேரடியினும், ஓரிடத்தே பன்முறை விழும் சிற்றடியே புண் செய்யும் என்பது அவர் கண்ட உண்மை. அதனடியாகவே, மெத்தென்ற நுண்ணறை இரப்பராலாகிய மிதியடிகள் வேலூரிலும் காரிகிரியிலும் அந்நோயாளர்க்கெனச் செய்யப்பட்டன.

இதனால் ஓடத் தொடங்குவார் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. முதலாவது, நோவு பகையன்று, காவலாள். பயிற்சிக்கு மறுநாள் தசை முழுதும் பரவித் தோன்றி ஓரிரு நாளில் தணியும் நோவு, உடல் பழகுவதன் அடையாளம், அதற்கு அஞ்சவேண்டா. ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டத்தக்க ஓரிடத்தில், சிறப்பாக எலும்பின்மேல் தோன்றி, ஓடுந்தோறும் மிகும் நோவு நிறுத்துக என்னும் ஆணை. அதனைப் பல்லைக் கடித்துப் பொறுத்தல் வீரமன்று. இரண்டாவது, நெடுநாள் நீரிழிவுடையார் பலர்க்குப் பாதவுணர்வு மழுங்கிவிடும். அவர்க்கு அக்காவலாள் துயில்கின்றான். ஆதலின் அவர் வெறுங்காலோடு ஓடுதல் கூடவே கூடாது. ஓடியபின் நாடோறும் உள்ளங்காலைக் கண்ணாற் பார்த்தறிதல் வேண்டும். மருத்துவரைக் கேளாது தொடங்குதலும் ஆகாது.

5. தொடங்கும் முறை

1996-இல் அமெரிக்க இளைஞர் ஜோஷ் கிளார்க் என்பவர், ஓடியறியாத தம் அன்னை போன்றார்க்கு உதவுமாறு ஒன்பது வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார். நாளடைவில் அஃது உலகெங்கும் பரவியது. ஓட்டமும் நடையுமாய்ச் செல்வதே அதன் உயிர்நிலை. அதன் அமைப்பைச் சுருக்கிக் கூறுவாம்.

வாரத்திற்கு மூன்று நாளே பயிற்சி. இரு பயிற்சிக்கும் இடையே ஒருநாளேனும் ஓய்வு. எந்நாளும் முதல் ஐந்து நிமிடம் விரைந்து நடந்து உடலைச் சூடாக்கல் வேண்டும். முதல் வாரத்தில், 60 நொடி மெல்லோட்டமும் 90 நொடி நடையுமாக மாறி மாறி 20 நிமிடம். இரண்டாம் வாரத்தில், 90 நொடி ஓட்டமும் 2 நிமிட நடையும். மூன்றாம் வாரத்தில் 3 நிமிட ஓட்டமும், நான்காம் வாரத்தில் 5 நிமிட ஓட்டமும் இடையிடையே சேரும். அதன்பின் நடை படிப்படியே சுருங்கி ஓட்டம் நீண்டு, ஒன்பதாம் வார இறுதியில் நில்லாது 30 நிமிடம் ஓடும் ஆற்றல் கைவரும்.

ஒன்பது வாரம் என்பதை ஆணையாகக் கொள்ளலாகாது. ஒரு வாரத்துப் பயிற்சி கடினமாயிருப்பின் அவ்வாரத்தையே மீண்டும் செய்க. இருமுறை செய்யினும் இழுக்கில்லை. மிகப் பருத்தவரும் நாற்பது வயது கடந்தவரும் முதலிற் சில வாரம் நாளும் அரைமணி நடந்து பழகிய பின்னரே முதல் வாரத்தைத் தொடங்குதல் நன்று. அவர் பதினாறு வாரமோ இருபது வாரமோ எடுத்துக்கொள்ளினும் வழி ஒன்றே. முப்பது நிமிடத்தை எட்டியபின் வாரம் மூன்று நாள் அவ்வளவே ஓடினும் 90 நிமிடமாகும். வாரந்தோறும் 75 முதல் 150 நிமிடம் கடும்பயிற்சியோ, 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோ வேண்டும் என 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவிற்கு இஃது ஏற்றதாகும்.

நெஞ்சுவலி, மயக்கம், நெஞ்சுத் துடிப்பின் ஒழுங்கின்மை இவை தோன்றின் அக்கணமே நிறுத்தி மருத்துவரை நாடுக. இருதய நோய், உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு உடையார் தொடங்குமுன்னரே அவரைக் கேட்டல் முறை. இன்சுலின் முதலிய மருந்துகொள்வார்க்கு ஓட்டத்தால் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்தலும் உண்டாகலின், அவர் இதிற் பின்னும் கருத்தாயிருத்தல் வேண்டும்.

6. எடையும் உணவும்

இனி, பலர் ஓடத் தொடங்குவதற்குக் காரணமாகிய எடையைப் பற்றிக் கூறுவாம். இங்கு உண்மையை மறைத்தல் நன்றன்று. ஓட்டம் மட்டுமே எடையை மிகுதியாகக் குறைக்கும் என்று நம்புவார் ஏமாற்றமடைவர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 3 கிலோமீட்டர் ஓடினால் செலவு 210 கலோரி. வாரம் மும்முறை ஓடின் 630. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியது ஏறத்தாழ 7,700 கலோரி. ஆகவே, உணவிற் சிறிதும் மாற்றமின்றேல், ஒரு கிலோ கொழுப்புக் குறையப் பன்னிரண்டு வாரம் செல்லும்.

உண்ணும் பக்கத்தை நோக்குவோம். இரண்டு கரண்டி, அஃதாவது 10 கிராம் சர்க்கரையிட்ட தேநீரில், சர்க்கரையால் மட்டும் வருவது 40 கலோரி. நாளொன்றுக்கு நான்கு குவளை பருகுவார்க்கு அது 160. அவ்வளவைச் செலவிட அவர் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் ஓடல் வேண்டும். ஞாயிறு காலை மூன்று கிலோமீட்டர் ஓடிய மகிழ்ச்சியில் நண்பகலில் சீரகச்சம்பாப் பிரியாணியை இருமடங்கு உண்பாராயின், ஆம்பூருக்குப் புகழ் சேரும், எடை குறையாது. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தைப் பயின்றார், அது மருந்தின் பெயர்களைக் கூறாது, முன்னுண்டது அற்றபின் அளவறிந்து உண்பதையே பெரிதும் வற்புறுத்துதலை அறிவர். எடை குறைய விரும்புவார்க்கு உணவின் அளவே முதல். ஓட்டம் அதற்குத் துணை.

அற்றேல், ஓடுவது எதற்கு எனின், கூறுவாம். தராசு காட்டாத நலங்கள் பல. எடை குறையாவிடத்தும் வயிற்றினுள் திரண்ட கொழுப்பு ஓட்டத்தாற் குறைதல் உண்டு. ஆதலின் தராசினும் இடுப்பளவு நாடாவே தக்க சான்று. ஓடிய தசைகள் ஒருநாள் இருநாள் அளவும் இரத்தத்துச் சர்க்கரையை எளிதில் ஏற்கும். இரத்த அழுத்தம் தணியும், துயில் ஆழமாகும், மனத்தின் சோர்வு நீங்கும். எடை குறைந்தார் மீண்டும் பருக்காது காத்தற்கும் இத்தகைய பயிற்சி பெரிதும் உதவும். ஒரு மாதம் ஓடித் தராசில் ஏறி, "ஒன்றுங் குறையவில்லை" என்று விட்டுவிடுவார், வட்டி சேருமுன் முதலை எடுத்துக்கொள்வாரை ஒப்பர்.

7. காலமும் இடமும் துணையும்

வேலூர் வெயிலைப் பற்றி இவ்வூரார்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. மே மாதத்தில் 40 பாகையையும் கடக்கும் வெப்பத்தில், ஓடுவார் கதிரவன் எழுமுன் முடித்துவிடல் வேண்டும். இயலாதார் மாலையில் நிலம் ஆறியபின் ஓடுக.

சென்னை-பெங்களூர்ப் பெருஞ்சாலை ஓரத்தில் ஓடுதல் உயிருக்கு ஊறு. சிற்றூர்ச் சாலைகளில் ஓடுவாரும் எதிர்வரும் வண்டியைக் காணுமாறு வலப்பக்கமாகச் செல்லல் வேண்டும். பாலாற்றின் வறண்ட மணல் மெத்தென்றிருத்தலின் நல்லதெனத் தோன்றும். ஆனால் கால் புதையும் மணல் கெண்டைக்காலை மிக வருத்துமாதலின் தொடக்கக்காரர்க்கு ஆகாது. பள்ளி விளையாட்டிடத்து மண்ணும், திண்ணிய ஏரிக்கரையும் சாலச் சிறந்தன.

மிதியடி பொருந்தியதாதல் போதும், விலையுயர்ந்ததாதல் வேண்டா. அலுவலுக்கு அணியும் தோல் மிதியடி ஓடுதற்காகாது. அடிப்பாகம் மெத்தென்று வளையத்தக்கதாய், முன்பக்கத்தில் பெருவிரல் அகலம் இடம் விட்டதாய், குதியில் நழுவாததாய் இருத்தல் வேண்டும். மாலையிற் பாதம் சற்று வீங்குமாதலின் மாலையிலேயே அளவு பார்த்து வாங்குக.

நாணத்திற்கு மருந்து துணையே. ஒருவர் ஓடின் ஊர் நகைக்கும்; மூவர் ஓடின் ஊர் பார்க்கும்; முப்பது நாள் ஓடின் ஊர் மறக்கும். சிறப்பாகப் பெண்டிர்க்கு இது பொருந்தும். இருவர் மூவராய், பள்ளி கல்லூரி விளையாட்டிடங்களில், ஒளியுள்ள பொழுதில் தொடங்குதல் நன்று. ஆயினும், ஓடும் பெண்ணை ஏசுவதை நிறுத்தவேண்டியது ஓடுபவளது கடமையன்று. பார்த்து நிற்கும் நமது கடமை.

முடிவுரை

2023 நவம்பர் 4-ஆம் நாள், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைவழி ஒன்றை வகுக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு தொடங்கியது. அரசு வழியைக் காட்டலாம். அடியெடுத்து வைக்க வேண்டியவர் நாமே. அதற்குக் கல்லூரிகளும் ஒன்று செய்யக்கூடும். 2008-இல் ஆரோவில்லில் தொடங்கப்பெற்ற மாரத்தான், பரிசும் முதன்மையும் கருதாது ஓட்டத்தின் இன்பத்தையே கருதியது. அவ்வாறே, நம் ஆண்டு விளையாட்டு விழாவிலும் பரிசில்லாத ஓட்டம் ஒன்று சேர்க்கப்படுமாயின், மாணவரும் ஆசிரியரும் அலுவலகத்தாரும் விடுதிச் சமையலாளரும் ஓட்டமும் நடையுமாய் ஒருங்கே செல்லலாம். கடைசியில் வருபவர்க்கும் கைதட்டுவோமாயின், அடுத்த வாரமும் அவர் வருவார்.

மாணவ அன்பர்காள்! நம்முட் பலர் இன்று இளமையின் வலிமையால் நோயறியாதிருக்கின்றோம். வீட்டில் தந்தையர்க்கும் தாயர்க்கும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் தோன்றுவதைக் கண்டும் வருகின்றோம். அவரை ஓடுமாறு அறிவுறுத்துவதினும், விடுமுறைக்குச் சென்ற நாளில் அவரோடு ஏரிக்கரை மட்டும் நடந்து, அறுபது நொடி உடன் ஓடிக் காட்டுதல் சிறந்தது. அவர் இரைத்து நிற்பாராயின் நாமும் உடன் நிற்போம், அவர் நடக்கத் தொடங்கின் நாமும் நடப்போம், மீண்டும் ஓடுவோம். அவ்வளவே முறை.